ரத்தக்காட்டேரியின் இரண்டாம் பாகம்

ஆசிரமங்களில் ஞான நூல்களே அதிகம் படிக்கப்படுகின்றன என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இது தவறு. தெரிந்தும் இத்தனை காலம் வாய்மூடி இருந்தவர்கள் வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், பவானி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய ஆசிரமத்தின் நூலகத்தில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட நூல் 'குளிர்மலை இரவுகள்', முதல் பாகம். அதன் நாயகன் ஒரு ரத்தக்காட்டேரி.

அவன் பெயர் ஆதிரன். வயது இருநூறு, பார்வைக்குப் பதினேழு. மலைமேல் உள்ள ஒரு பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறான். உடன் படிக்கும் மிதுனாவைக் காதலிக்கிறான். காதல் மிகும்போதெல்லாம் அவனுக்குக் கோரைப்பல் நீளும். முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்படியே ஐந்நூறு பக்கம்.

யாரோ ஒரு பக்தர் வீடு மாற்றும்போது மூட்டையாகக் கொடுத்துவிட்டுப்போன புத்தகங்களில் இதன் முதல் இரண்டு பாகங்கள் இருந்தன. நூலகத்தைக் கவனித்துவந்த சீடர், தலைப்பைப் பார்த்து, இமயமலை யாத்திரை நூல் என்று முடிவு செய்து, முதல் பாகத்தை எண் ஒட்டி அலமாரியில் வைத்தார். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்கு வந்தவை குருவிகள் மட்டுமே. இரண்டே மாதத்தில் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். இமயத்தின் மகிமை என்று முதலில் அவர் மகிழ்ந்தார்.

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி காலமான பிறகு ஆசிரமத்துக்கு வந்தவர். நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு, தடித்த மூக்குக்கண்ணாடி. அப்படியும் எதையும் முகத்தோடு ஒட்டி வைத்துத்தான் படிப்பார். பெற்றோர் வைத்த பெயர் நல்லசிவம். ஆசிரமத்தில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அவர் ஹெச்.எம். ஐயா. குரு வடிவம்மை அவரைவிட இளையவர். அதனால் அவரும் 'ஐயா' என்றே அழைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் சத்தம் கூடியது. தையல்கடை ருக்மணியும் ப்ளஸ் ஒன் படிக்கும் கௌசிகாவும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"ராத்திரி ஜன்னல்ல வந்து நின்னு, தூங்கற புள்ளைய எட்டிப் பாக்கறான். இதுக்குப் பேரு காதலா கண்ணு? எங்க வீதியில பண்ணியிருந்தா செருப்படி விழுந்திருக்கும்."

"அக்கா, அவன் 'உள்ள வரலாமா'ன்னு கேக்கறான். அவ வேண்டாங்கறா. பேசாமப் போயிடறான். அப்படிக் கேட்டுட்டுப் போறவன் உங்க வீதியில யாரு இருக்காங்க, சொல்லுங்க பாப்போம்?"

ருக்மணி யோசித்தாள். ஒருவரும் அகப்படவில்லை போலிருக்கிறது. வேறு பக்கமாகப் போனாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். இருநூறு வயசாச்சு, இன்னும் ப்ளஸ் டூ தாண்டல. மக்குக் காட்டேரி!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெச்.எம். ஐயா சிரிக்கவில்லை.

"அதுக்குக் காரணம் ரெண்டாம் பாகத்துல இருக்குதாம்," என்றாள் கௌசிகா. "ஐயா, ரெண்டாம் பாகம் எப்பங்க வரும்? மூணு வாரமாக் கேக்கறேன்."

"பரிசீலனையில் இருக்கு."

"யாருங்கய்யா பரிசீலிக்கறது?"

அவர் மேசையைத் தட்டினார். "நூலகத்தில் அமைதி வேணும்."

அன்று மாலை வடிவம்மை சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஹெச்.எம். ஐயா வந்து எதிரில் உட்கார்ந்தார். ஒரு கையில் அந்த இரண்டு பாகங்கள். இன்னொரு கையில் துணிப்பை.

"அம்மா, இன்னைக்கே ஒரு முடிவு தெரியணும்ங்க. இந்தப் புத்தகம் இங்க இருந்தா நான் இருக்க முடியாதுங்க."

"பை கட்டியாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"கண்ணாடிக் கூடு எடுத்து வெச்சீங்களா? போன தடவை கோவிச்சுட்டுக் கிளம்பினப்ப அதுக்காகத்தான் திரும்பி வந்தீங்க."

"விளையாட்டு இல்லைங்கம்மா. ஒருத்தி செருப்படிங்கறா. இன்னொருத்தி இவனை மாதிரி உண்டாங்கறா. ஒரே புத்தகம், ஒரே பக்கம். யார் சொல்றது சரிங்க?"

"நீங்க என்ன சொல்றீங்க?"

"குப்பைங்க."

"படிச்சீங்களா?"

"புரட்டினேன்ங்க. மேலோட்டமா."

வடிவம்மை கையைத் துடைத்துக்கொண்டார். "கண்ணாடிக் கதவுக்குள்ள பூட்டி வெச்சிருக்கீங்களே, பெரிய சாத்திர உரை. வர்றவங்க எல்லாரையும் படிக்கச் சொல்வீங்களே. அதைக் கொண்டு வாங்க."

கொண்டு வந்தார். வடிவம்மை அதன் முதுகைத் தரையில் ஊன்றி நிறுத்தினார். இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். நூல் திறக்கவில்லை. செங்கல் போல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது.

"எப்ப வாங்கினதுங்க?"

"ஆசிரமம் ஆரம்பிச்சப்பவே வாங்கினதுங்க."

வடிவம்மை அதை எடுத்து ஓரமாக வைத்தார். முதல் பாகத்தை வாங்கி அதேபோல் நிறுத்திக் கையை எடுத்தார். அது தானாகவே இரண்டாகப் பிரிந்து படுத்தது. பிரிந்த பக்கத்தில் ஆதிரன் ஜன்னலுக்கு வெளியே நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தின் ஓரத்தில், துணியில் கோடு போடும் சாக்பீஸின் நீலத்தூள் அப்பியிருந்தது. எதிர் ஓரத்தில் பள்ளிக்கூடப் பேனா மை.

"ரெண்டு பேரும் இங்கதான் இருந்திருக்காங்க," என்றார் வடிவம்மை.

"ருக்மணி திட்டறாங்களேங்கம்மா."

"திட்டறதுக்குத்தான் திரும்பத் திரும்ப வந்திருக்காங்க."

"அப்ப ரெண்டும் சரிங்கறீங்களா?"

"அடுத்ததைக் குடுங்க."

ஹெச்.எம். ஐயா இரண்டாம் பாகத்தை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"இது இன்னும் யாருக்கும் குடுக்கலைங்க. புதுசு. அந்த உரை மாதிரிதான். திறக்காதுங்க."

"குடுங்க."

கொடுத்தார். வடிவம்மை நிறுத்தினார். கையை எடுத்தார்.

திறந்தது. சற்றும் தயங்காமல் திறந்தது. நடுமடிப்பிலிருந்து ஒரு சிட்டிகைத் திருநீறு மொச்சைத் தோலின்மேல் உதிர்ந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு வடிவம்மை அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தார்.

"'ஏன் வருஷா வருஷம் ஏதாவது ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவிலேயே வந்து சேர்கிறாய்?' என்று மிதுனா கேட்டாள். ஆதிரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். 'என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. வகுப்பில்தான் தினமும் காலையில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்' என்றான்."

ஆற்றங்கரையில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. ஹெச்.எம். ஐயா துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நடை நல்லா இல்லைங்கம்மா," என்றார்.

"ம்."

"ஒற்றுப்பிழை வேற. பக்கத்துக்குப் பக்கம்."

"ம்."

"இருநூறு வயசுக்காரனைப் பள்ளிக்கூடத்துல எப்படிங்க சேத்துக்குவாங்க? மாற்றுச் சான்றிதழ் கேப்பாங்களே. ஒரு தலைமையாசிரியரா எனக்கு அது தெரியாதுங்களா?"

"தெரியும்ங்க."

ஹெச்.எம். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"யார் சொல்றது சரின்னு நீங்க சொல்லவே இல்லைங்கம்மா," என்றார்.

வடிவம்மை புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்தார். மொச்சை முறத்தை ஒரு பக்கமாகத் தள்ளினார். மேசைக்குப் பின்னால் இருப்பவரைப் போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லசிவம்," என்றார்.

அவர் எழுந்து நின்றார். புத்தகமும் பையும் மடியிலிருந்து நழுவின.

"உள்ளேன், அம்மா."

மறுநாள் காலை நல்லசிவம் அதே பையோடு ஈரோடு பஸ் ஏறினார். போகிற வழியில் கௌசிகா வீட்டில் இரண்டாம் பாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். பையில் 'குளிர்மலை இரவுகள்' மூன்றாம் பாகம் இருந்தது. அதில் நூலக எண் இன்னும் ஒட்டியிருக்கவில்லை. நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது.