நூறு கொடி வெற்றிலை

பனையோலையே பத்திரமாக இருந்த காலத்தில், கூடற்கரை என்ற ஊரில் ஆவுடையாள் என்று ஒருத்தி இருந்தாள். ஆற்றோரத்தில் அவளுக்கு ஒரு வெற்றிலைத் தோட்டம். அதன் நடுவே கோடையிலும் வற்றாத ஊற்று ஒன்று இருந்தது.

அந்த ஊற்றின் மேல் வியாபாரி வயிரவனுக்கு ஒரு கண். தோட்டத்தை மூன்று முறை விலைக்குக் கேட்டான். மூன்று முறையும் அவள் மாட்டேன் என்றுவிட்டாள். சரி, வெற்றிலையாவது கொடு என்றான். அதற்குச் சம்மதித்தாள்.

ஓலை எழுதினார்கள். தைப் பௌர்ணமியன்று அவள் நூறு கொடி வெற்றிலை பறித்துத் தர வேண்டும். நூறு இலைக்கு ஒரு படி வீதம் வயிரவன் முதலில் நெல்லை அளந்து கொட்ட வேண்டும். சொல் தவறியவர் தம் உடைமை முழுவதையும் மற்றவருக்கு விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவன் வயிரவன். நூறு கொடி தனக்கு ஒரு காலை வேலைதானே என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த நாளில் ஓலையில் ஒகரக் குறிலும் நெடிலும் ஒரே மாதிரி இருக்கும். கொடி என்றாலும் கோடி என்றாலும் எழுத்து ஒன்றுதான்!

பௌர்ணமி வந்தது. வயிரவனும் ஒரு மாட்டின் மேல், நூறு கொடியில் கிடைக்கும் இரண்டாயிரம் இலைக்கு உரிய இருபது படி நெல்லோடு வந்தான். ஓலையை விரித்தான். நூறு கோடி வெற்றிலை எங்கே என்று கேட்டான். இல்லையென்றால் தோட்டம் தனக்கு என்றான்.

கொடி என்றுதானே பேசினோம் என்றாள் ஆவுடையாள். வழக்கு நீதிமண்டபத்துக்குப் போனது.

மூன்று பேரை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். கோயில் கணக்கர் கொடி என்றார். அரண்மனைப் புலவர் கோடி என்றார். ஓலையை எழுதியவரோ, எழுதுவதுதான் தம் வேலை, படிப்பது இல்லை என்றார்.

நீதிபதி ஆதித்தர் அதுவரை கண்ணை மூடியே இருந்தார். இப்போது வயிரவனைப் பார்த்து, கோடி என்பதில் சந்தேகம் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றான். மறுபடியும் கேட்டார். இல்லை. மூன்றாம் முறையும் இல்லை.

"அப்படியானால் கோடி என்றே வைத்துக்கொள்வோம்" என்றார்.

ஆவுடையாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். வயிரவன் மீசையைத் தடவினான்.

"நெல்லை முதலில் அளக்க வேண்டியவன் நீயப்பா" என்று நீதிபதி தொடர்ந்தார். "நூறு கோடி இலைக்கு ஒரு கோடி படி. பொழுது சாய்வதற்குள் கொட்டிவிடு. தவறினால் உன் கடை, வீடு எல்லாம் இந்த அம்மாவுக்கு."

வயிரவன் வாசலைப் பார்த்தான். மாடு இருபது படியைச் சுமந்தபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. நாட்டிலுள்ள நெல்லையெல்லாம் திரட்டினாலும் கோடி படி தேறாது. அவன் ஓலையை வாங்கி இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"உற்றுப் பார்த்தால் கொடி போலத்தான் இருக்கிறது, ஐயா."

"போலவா?"

"கொடிதான், ஐயா."

மண்டபமே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. வஞ்சகம் செய்தவனுக்கு அவள் ஓர் இலைகூடத் தர வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆவுடையாள் சற்று யோசித்தாள். "நூறு கொடி தருவதாக நான் சொன்னது சொன்னதுதான். நெல்லை அளக்கச் சொல்லுங்கள்" என்றாள்.

ஊரே பார்க்க வயிரவன் தன் கையாலேயே இருபது படியையும் அளந்தான். அவளும் நூறு கொடியில் பறித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கூடற்கரையில் அவனோடு ஓலை எழுத ஒருவரும் முன்வரவில்லை. ஆவுடையாளிடமோ வாய்ச்சொல்லே போதும் என்று வியாபாரிகள் வரிசையில் நின்றார்கள்.

ஆகவே, எழுதும்போது இருவரும் பேசி ஒப்புக்கொண்டது எதுவோ அதுவே ஒப்பந்தம். எழுத்தைத் திரித்து ஏமாற்ற நினைப்பவன் அந்த எழுத்திலேயே மாட்டிக்கொள்வான்.