எமிலி ரோசியின் தங்கப் பதக்கம்

சங்கரன்கோவிலில் அரசுத் தேர்வுப் பயிற்சி மையம் நடத்திவந்த ஞானசிகாமணிக்கு, தெரியாது என்ற வார்த்தை மட்டும் வாயில் வராது. வாசலில் டீக்கடை போட்டிருந்த இசக்கியம்மாளை ஒருநாள் வகுப்புக்குள் கூப்பிட்டார். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அவள் கடையிலேயே கிடக்கிறார்களாம்.

“நாளைக்கே கடையைக் காலி பண்ணு. இல்லையா, சினிமா, விளையாட்டு, சரித்திரம், மொழி, பொருளாதாரம், எதிலிருந்தாவது எனக்குத் தெரியாத ஒரு கேள்வி கேள். கடை இருந்துவிட்டுப் போகட்டும்.”

இசக்கியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எமிலி ரோசின்னா யாரு சார்?”

ஞானசிகாமணி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “நீச்சல் வீராங்கனை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் தங்கப் பதக்கம் வாங்கியவள்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார்.”

“என்னையே சந்தேகப்படுகிறாயா? பிள்ளைகளா, குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் கட்டாயம் வரும்.”

நாற்பது பேனாக்களும் எழுதி முடிக்கும்வரை இசக்கியம்மாள் காத்திருந்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “ஏ எமிலி ரோசி!” என்று குரல் கொடுத்தாள். கடை பெஞ்சுக்கடியில் படுத்திருந்த வெள்ளாடு ஒன்று ‘மே’ என்று கத்தியபடி வகுப்புக்குள் ஓடிவந்து அவள் காலை உரசியது.

“இவதான் சார். ஒரு தூறல் விழுந்தாலே பெஞ்சுக்கடியில ஒளிஞ்சுக்குவா. எப்ப நீச்சல் கத்துக்கிட்டான்னு எனக்கே தெரியலயே!”