வாசலில் கிடந்த ஸ்டூல்

அறுவைச் சிகிச்சையில் பேர் எடுத்த டாக்டர் கோமதிநாயகம், ஓய்வு பெற்ற பிறகு மாணவரானார். தூத்துக்குடிப் பக்கம் ஒரு புற்றுநோயாளர் இல்லம். அங்கே டாக்டர் பியூலாதான் அவருக்குக் குரு. ஒரு காலத்தில் கல்லூரியில் அவரிடமே திட்டு வாங்கியவர் பியூலா. சக்கரம் இப்படியும் சுற்றும்.

வந்த அன்றே கேட்டார் கோமதிநாயகம்.

"இங்க இருக்கிற புண் எதுவும் ஆறப்போறதில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு எதுக்கும்மா தினமும் கட்டு?"

"வாங்க சார், ஜெபமாலை அம்மாவைப் பாத்துட்டு வருவோம்" என்றார் பியூலா.

ஜெபமாலை மீன் விற்றவர். மார்பில் கட்டி வெடித்து உள்ளங்கை அகலத்துக்குப் புண். அதன் வாடை வாசலிலேயே ஆளை நிறுத்திவிடும். கணவர் சூசை அந்த வாசலில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"காலம்பூரா மீன்கூடைக்காரியோட குடும்பம் நடத்துன மனுசன். இப்ப உள்ள வர மாட்டேங்காரு" என்று சொல்லிச் சிரித்தார் ஜெபமாலை. சிரித்து முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோமதிநாயகம் மூக்குக்குக் கீழே தைலத்தைத் தடவிக்கொண்டு மளமளவென்று வேலையில் இறங்கினார். காய்ந்து ஒட்டியிருந்த துணியை ஒரே இழுப்பு. ஜெபமாலை பல்லைக் கடித்தார். ரத்தம் கசிந்தது.

"ஐயா, ஒங்க மூக்குக்கு மருந்து போட்டாச்சு. எம் புண்ணுக்கு எப்பப் போடுவிய?"

எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. டாக்டருக்கு வெட்கமாகப் போயிற்று.

மறுநாள் பியூலா முதலில் வலி மாத்திரையைக் கொடுத்து, அது வேலை செய்யட்டும் என்று காத்திருந்தார். பிறகு ஒட்டிய துணிமேல் வெதுவெதுப்பான உப்புநீரை ஊற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, சீலா மீன் புதுசா பழசான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என்னை எல்லாரும் ஏமாத்துறாங்க."

"ஒங்க மூஞ்சியப் பாத்தா நானே ஏமாத்துவேன் தாயி" என்று தொடங்கிய ஜெபமாலை, செவுளிலிருந்து வால்வரை பாடம் எடுத்தார். பாடம் முடியுமுன் துணி தானாகக் கழன்று வந்தது. வாடையைக் கொல்லும் மாத்திரைப் பொடியைப் புண்ணில் தூவி, ஒட்டாத வாஸ்லின் துணியை வைத்து மூடினார் பியூலா. மிச்ச வாடையை உறிஞ்ச, கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் காப்பிப்பொடி.

"நாளையிலிருந்து நீங்க, சார்."

கோமதிநாயகம் கற்றுக்கொண்டார். தைலத்தை விட்டார். ஜெபமாலையிடம் சீலாவோடு பாறை மீனையும் நெத்திலியையும் படித்தார். ஆனால் தொட்டில் பழக்கம் போகவில்லை. தினமும் கட்டு மாற்றும்போது ஸ்கேலை வைத்துப் புண்ணை அளந்தார்.

ஒருநாள் கட்டு மாற்றிவிட்டு நேரே பியூலாவிடம் வந்து நின்றார். மனுசருக்கு முகமே சரியில்லை.

"அரை மில்லிமீட்டர்கூடக் குறையலையேம்மா."

பியூலா அவரை ஜெபமாலையின் அறைக்கே திரும்பக் கூட்டிப்போனார். உள்ளேயிருந்து ஜெபமாலையின் சத்தம்.

"எஞ் சீட்டை எட்டிப் பாக்காதிய, சொல்லிட்டேன்."

"வாசல்ல ஒரு ஸ்டூல் கிடந்ததே, சார், எங்கே?" என்று கேட்டார் பியூலா.

கோமதிநாயகம் தேடினார். ஸ்டூல் கட்டிலை ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் சீட்டுக்கட்டு. கட்டிலில் சம்மணம் போட்டு, மனைவியின் தோளை உரசிக்கொண்டு, கூசாமல் கள்ள ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார் சூசை.

"இங்க வந்துருச்சு" என்றார் கோமதிநாயகம்.

"நான் தினமும் அளந்தது அதைத்தான், சார்."