இருவாட்சி பார்க்கப் போன மூன்று பேர்

மலையடிவாரத்து மூங்கில் புதரில் செவலி என்றொரு கேளையாடு வாழ்ந்தது. பார்த்தால் சின்ன மான். குரல் கொடுத்தால் பெரிய நாய். புலியோ சிறுத்தையோ நடமாடினால் செவலி குரைக்கும். அந்தக் குரலை நம்பிக் காடு முழுவதும் ஓடி ஒளியும்.

செவலிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மலைக்கு இந்தப் பக்கம் முள்காடு, உச்சியில் சோலை, அந்தப் பக்கம் மழைக்காடு. எந்தக் காட்டில், எந்த மரத்தில், எந்தப் பறவை என்று அதற்குத் தெரியும். பறவை பார்க்க ஆசைப்பட்டு வருகிற மிருகங்களை அழைத்துப்போய்க் காட்டும்.

ஒரு மாசி மாத விடியலில் மூன்று மிருகங்கள் வந்து நின்றன. ஒன்று குரங்கு, ஒன்று கரடி, ஒன்று முள்ளம்பன்றி.

"செவலியக்கா, எங்களுக்கு இருவாட்சியைக் காட்ட வேண்டும்!" என்றது குரங்கு. "கொக்கு, நாரை எல்லாம் வேண்டாம். அதெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டேன்."

"அது மழைக்காட்டில் இருக்கிறது. மலை ஏறி இறங்க வேண்டும்" என்றது செவலி. "இப்போது கூடு வைத்திருக்கும் காலம். சொன்னபடி கேட்பீர்களா?"

"கேட்போம்! கேட்போம்!" என்றன மூன்றும்.

கரடி ஒரு நெல்லி மரத்தை உலுக்கியது. நெல்லிக்காய் கொட்டியது. அதுதான் கூலி. செவலி வயிறாரத் தின்றது. பேச்சு முடிந்தது.

"ஒரே ஒரு விதிதான்" என்றது செவலி. "கண்ணைத் திறந்து வையுங்கள். வாயை மூடி வையுங்கள்."

முள்காட்டில் நுழைந்ததுமே ஒரு மயில் தோகையை விரித்து நின்றது. வெயில் அப்போதுதான் அதன் கழுத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"மயில்! மயில்! அதோ பாருங்கள், மயில்!" என்று கத்தியது குரங்கு.

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு பறந்தது.

"அது மயில் என்று அதற்கே தெரியும். நீ சொல்ல வேண்டியதில்லை" என்றது செவலி.

"மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்று சொன்னேன், அக்கா!"

கொஞ்ச தூரம் போனதும் ஒரு செண்பகப் பறவை புதருக்குள் செந்நிறச் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது. செவலி காலைத் தூக்கி, "நில்லுங்கள்" என்று சைகை காட்டியது. குரங்கு நின்றது. முள்ளம்பன்றி நின்றது. கரடி மட்டும் வழியோரத்துக் கரையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்சத் தொடங்கியது. கொல்லன் உலையில் துருத்தி ஊதுவது போல் அந்தச் சத்தம் காடெங்கும் கேட்டது. செண்பகம் மட்டுமல்ல, சுற்றியிருந்த சிட்டுகள் அத்தனையும் எழுந்து பறந்தன.

"கரடி அண்ணே, இது பறவை பார்க்கும் நேரம்!" என்று பல்லைக் கடித்தது செவலி.

"பசித்த வயிற்றோடு எப்படியம்மா பறவை பார்ப்பது?" என்றது கரடி. "நெல்லிமரத்தை உலுக்கியது நான்தானே? நீ தின்றாயே! நான் மட்டும் பட்டினி கிடக்க வேண்டுமா?"

முள்ளம்பன்றி வாயே திறக்கவில்லை. ஆனால் இரவெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டுத் தூங்காமல் வந்திருந்தது. பத்தடிக்கு ஒருமுறை கொட்டாவி விட்டது. ஒவ்வொரு கொட்டாவிக்கும் உடம்பைச் சிலிர்த்தது. ஒவ்வொரு சிலிர்ப்புக்கும் முதுகு முள்ளெல்லாம் சலசலவென்று அடித்துக்கொண்டது.

"என்ன சத்தம் அது?" என்று திரும்பினால், "நான் இல்லை. நான் பேசவே இல்லையே!" என்றது.

மலை உச்சிச் சோலைக்கு வந்தார்கள். பாசி படர்ந்த மரங்களுக்கு இடையே பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ஓடைக்கு அருகே ஒரு பூங்குருவி சீட்டியடித்தது. மறந்துபோன பாட்டு ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வது போல, ஓர் அடி பாடும், நிறுத்தும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் செவலி நின்றுவிடும். அது கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

"இது என்ன பிரமாதம்!" என்றது குரங்கு. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தது. மலையே அதிர்ந்தது. பூங்குருவி நிறுத்தியது. அன்று அது மறுபடி தொடங்கவே இல்லை.

"என் சீட்டியைக் கேட்டு வெட்கப்பட்டுவிட்டது!" என்று குதித்தது குரங்கு.

இறக்கத்தில் நடக்கும்போது முள்ளம்பன்றி செவலியின் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தது. "அக்கா, இந்தக் குரங்கை ஏன் சேர்த்தாய்? அது இல்லாவிட்டால் இந்நேரம் எத்தனையோ பறவை பார்த்திருக்கலாம்."

சற்று நேரத்தில் குரங்கு வந்தது. "இந்தக் கரடியை யாராவது கூட்டிவருவார்களா? அது இருக்கும் இடத்தில் ஈ கூட நிற்காது!"

பிறகு கரடி வந்தது. "அம்மா செவலி, அந்த முள்ளம்பன்றி காதுக்குள்ளேயே சோழி குலுக்குகிறது. திருப்பி அனுப்பிவிடேன்!"

செவலி நடையை எட்டிப் போட்டது. பதில் சொல்லியிருந்தால் அது குரைப்பாகத்தான் வந்திருக்கும்.

உச்சிவேளையில் மழைக்காட்டை அடைந்தார்கள். ஓர் ஓடை. ஓடைக்கு இந்தக் கரையில் ஒரு பெரிய பாறை. அந்தக் கரையில், அண்ணாந்து பார்த்தாலும் உச்சி தெரியாத ஒரு மரம். மரத்தின் நடுவே ஒரு பொந்து. பொந்தின் வாய் மண்ணால் பூசி அடைக்கப்பட்டு, நடுவில் ஒரு கீறல் மட்டும் விடப்பட்டிருந்தது.

"அதுதான் கூடு" என்று மெல்லச் சொன்னது செவலி. "பெண் இருவாட்சி உள்ளே இருக்கிறது. தன்னைத் தானே உள்ளே வைத்துப் பூசிக்கொண்டு, சிறகை உதிர்த்துவிட்டு, குஞ்சோடு இருக்கிறது. அதனால் பறக்க முடியாது. ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டினால்தான் இரண்டுக்கும் சாப்பாடு. யாராவது மரத்தடியில் நின்றால் ஆண் வராது. கூடு இருக்குமிடம் தெரிந்துவிடும் என்று பயம். இந்தப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வரும். பாறையைத் தாண்டாதீர்கள்."

செவலி சொல்லி முடிப்பதற்குள் மூன்றும் ஓடையைத் தாண்டிவிட்டன!

"பக்கத்தில் போனால் நன்றாகத் தெரியுமே!" என்றது குரங்கு. மூன்றும் மரத்தடியில் போய், அண்ணாந்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

செவலி பின்னாலேயே ஓடியது. "வாருங்கள்! திரும்பி வாருங்கள்!"

"பார்க்காமல் வரமாட்டோம்!" என்றன மூன்றும்.

ஆண் இருவாட்சி வந்துவிட்டதைச் செவலி கவனித்தது. தூரத்து மரக்கிளை ஒன்றில், தொண்டை நிறையப் பழத்தோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தது. இவர்கள் அது வரட்டும் என்று காத்திருந்தார்கள். அது இவர்கள் போகட்டும் என்று காத்திருந்தது.

வெயில் சாய்ந்தது. பொந்துக்குள்ளிருந்து குஞ்சு கத்தத் தொடங்கியது. முதலில் பலமாகக் கத்தியது. போகப்போகக் குரல் மெலிந்தது.

கீறலில் ஓர் அலகு நுனி தெரிந்தது. "யார் கீழே? செவலியா?" என்றது தாய்ப் பறவை. "யாரைக் கூட்டி வந்திருக்கிறாய்? உச்சிவேளையிலிருந்து ஒரு பழம் இறங்கவில்லை. குஞ்சு துவண்டு போகிறது. போகச் சொல், தாயே!"

செவலிக்கு உடம்பு கூசியது. கூட்டி வந்தது தான்தானே!

"கேட்டீர்களா?" என்று அது மூன்றிடமும் கெஞ்சியது. "நாம் நிற்பதால்தான் உள்ளே பட்டினி. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும். இருட்டிவிட்டால் ஆண் பறவை வராது. அந்தக் குஞ்சு இரவு தாங்காது!"

மூன்றின் கண்ணிலும் நீர் தளும்பியது.

"ஐயோ பாவம்!" என்றது குரங்கு. "கரடியும் முள்ளம்பன்றியும் உடனே போகட்டும். நான் ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன். நான் கிளையோடு கிளையாகத்தானே இருப்பேன்!"

"கல்நெஞ்சக்காரர்களா, கிளம்புங்கள்!" என்று மற்ற இரண்டையும் அதட்டியது கரடி. "நான் கறுப்பு. நிழலில் படுத்தால் தெரியவே மாட்டேன்."

"பேசாமல் இருப்பது நான் ஒருத்தன்தான்" என்றது முள்ளம்பன்றி. சிலிர்த்தது. சலசலவென்று சத்தம் வந்தது.

ஒன்றும் நகரவில்லை.

புலி வருகிறது என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், மூன்றும் பறந்துவிடும். செவலி வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. கேளையாடு பொய்யாகக் குரைத்தால், நாளை நிஜமாகவே புலி வரும்போது எந்த மான் நம்பும்? அது மட்டுமா? ஆண் இருவாட்சியும் அல்லவா பயந்து மலை தாண்டிப் பறந்துவிடும்!

செவலி யோசித்தது. பிறகு குரங்கைத் தனியே அழைத்தது.

"நீ சொன்னதுதான் சரி, தம்பி. ஒருவர் மட்டும் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பறவை வரும். நீ மற்ற இரண்டையும் தூரமாகக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் தனியாக வா. நான் பாறையருகே காத்திருக்கிறேன். வந்தால் காட்டுகிறேன்."

"ஆஹா! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்றது குரங்கு.

கரடியைத் தனியே அழைத்து அதையே சொன்னது. முள்ளம்பன்றியிடமும் அதையே சொன்னது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. யார் தனியாக வந்தாலும் காட்டியிருக்கும்.

குரங்கு கைதட்டியது. "நண்பர்களே, அந்த மேட்டுக்கு அப்பால் கொழுத்த பலாமரம் ஒன்று பார்த்தேன். வாருங்கள், போகலாம்!"

"அதைவிட, பள்ளத்தில் ஒரு தேனடை இருக்கிறது. வாருங்கள்!" என்றது கரடி.

"சேற்றங்கரையில் கிழங்கு! வாருங்கள்!" என்றது முள்ளம்பன்றி.

மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கிளம்பின. என்ன ஒற்றுமை!

மேட்டைத் தாண்டியதும் குரங்கு, "நீங்கள் முன்னால் போங்கள், காலில் முள் குத்திவிட்டது" என்றது. "ஐயோ, உன்னைத் தனியே விடுவோமா?" என்று இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்தன. பள்ளத்தில் கரடி, "எனக்குத் தலை சுற்றுகிறது, நீங்கள் போங்கள்" என்றது. இரண்டும் இலையைப் பறித்து விசிறின. சேற்றங்கரையில் முள்ளம்பன்றி தூங்குவது போல் நடித்தது. இரண்டும் காவலுக்கு நின்றன. ஒன்று நழுவினால் இரண்டு தேடிவந்தன. இரண்டு நழுவினால் ஒன்று துரத்திவந்தது. பலாமரமும் இல்லை, தேனடையும் இல்லை, கிழங்கும் இல்லை. இருட்டும்வரை மூன்றும் அந்தச் சேற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன.

இங்கே பாறைக்குப் பின்னால் செவலி தனியாகப் படுத்திருந்தது. ஆண் இருவாட்சி இன்னும் அசையவில்லை. உச்சிவேளையிலிருந்தே மிரண்டுபோன பறவை. இப்போது செவலியைக்கூட நம்பவில்லை. தூரத்துக் கிளையிலிருந்து அதையே உற்றுப் பார்த்தது.

வானத்தில் வெளிச்சம் ஒரு பிடிதான் மிச்சம் இருந்தது. குஞ்சின் குரல் கேட்பதும் கேட்காததுமாக இருந்தது.

செவலிக்கும் ஆசை உண்டு. அந்தப் பெரிய மஞ்சள் அலகு அந்தச் சின்னக் கீறலில் பழத்தை வைக்கும் அழகை அது எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனாலும் எழுந்தது. மரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது.

தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு சத்தம் போனது. சிறகின் சத்தம். பிறகு அலகும் அலகும் தட்டும் ஓசை. ஒரு பழம். இன்னொரு பழம். இன்னொன்று.

குஞ்சின் கத்தல் நின்றது.



இருட்டிய பிறகு மூன்றும் உடம்பெல்லாம் சேறாக வந்துசேர்ந்தன. வந்த உடனே குரங்கு, "நான் பார்த்துவிட்டேன்! இடையில் ஒரு நொடி வந்து பார்த்தேன். சிவப்பு வால், என்ன அழகு!" என்றது.

"நானும்தான் பார்த்தேன்" என்றது கரடி. "தேன் ஊட்டிக்கொண்டிருந்தது."

"எனக்கு முன்னால் யார் பார்த்தது? நான்தான் முதலில்!" என்றது முள்ளம்பன்றி. "என் அருகில் வந்தே உட்கார்ந்தது. நான் சத்தம் போடாமல் இருந்தேனே, அதனால்."

பிறகு மூன்றும் செவலியின் பக்கம் திரும்பின. "அக்கா, நீ பார்த்தாயா?"

"இல்லை" என்றது செவலி.

"அட பாவமே!" என்று மூன்றும் ஒரே குரலில் பரிதாபப்பட்டன. "பெரிய வழிகாட்டி! உனக்கே பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே! அடுத்த முறை எங்களோடு வா, நாங்கள் காட்டுகிறோம்!"

செவலி வந்த வழியே திரும்பியது. முன்னால் நடந்தது. மலை ஏறி இறங்கும் வழியெல்லாம் மூன்றும் பின்னால் பேசிக்கொண்டே வந்தன: இந்தக் காட்டில் இப்போது எங்கே பார்த்தாலும் ஒரே கூட்டம், அதனால்தான் பறவைகள் வருவதில்லை!

கூட்டத்தைக் கண்டு முகம் சுளிக்கிறவர், அந்தக் கூட்டத்தில் தாமும் ஒரு தலை என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, முதலில் விலகவும் வேண்டும்.