பழைய காருக்குப் புது லாக்

"மேஸ்திரி, என் வண்டிக்கு மட்டும் இந்தப் புது லாக் வேண்டாமுங்க" என்றார் நஞ்சப்பன்.

அவர் மேஸ்திரி என்று கூப்பிட்டது பிலோமினாவை. கோவையில் பழைய கார்களைச் சீர்செய்யும் பட்டறை அவருடையது. நஞ்சப்பனைவிட இருபது வயது இளையவர். மில்லிலிருந்து ஓய்வு பெற்ற நஞ்சப்பன், தன் காரைத் தானே புதுப்பிக்க ஆசைப்பட்டு அவரிடம் தொழில் கற்க வந்திருந்தார்.

"ஏனுங்கண்ணா வேண்டாம்?"

"கதவை வெட்டோணும். கதவு மாட்டற தூணுல ஓட்டை போடோணும். அறுபது வருஷத்து வண்டி. ஒரு ஸ்குரூ மாத்தாம வெச்சிருக்கேன். பழைய கார் கண்காட்சியில வருஷா வருஷம் முதல் பரிசு."

"பழைய லாக் கதவைச் சரியாப் பிடிக்குதா?"

"பிடிக்கும். எப்பவாச்சும் விட்டுரும். அதெல்லாம் பழகிக்கிட்டா சரியாப் போயிரும். நானும் முப்பது வருஷமா ஓட்டறேன்."

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாவியைக் கொடுங்க."

கொடுத்தார்.

"அந்தப் பக்கம் ஏறுங்க."

நஞ்சப்பன் சற்றுத் தயங்கினார். தன் காரில் இடது பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை.

பட்டறைக்குப் பின்னால் வெறும் மைதானம். பிலோமினா மெதுவாகத்தான் ஓட்டினார். கடைசியில் வண்டியை வலப்பக்கம் ஒடித்தார்.

கதவு திறந்துகொண்டது.

நஞ்சப்பனின் உடம்பு வெளிப்பக்கம் சரிந்தது. கீழே தரை ஓடியது. இரண்டு கையாலும் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பிலோமினா வண்டியை நிறுத்தவில்லை. மறுபடி ஒரு சுற்று. நஞ்சப்பன் பிடியை விடவில்லை. விரல்கள் வெளுத்துப்போயின.

வண்டி நின்றது.

நஞ்சப்பன் இறங்கவில்லை.

"தங்கமணி ஒரு நாளும் சொன்னதில்லைங்க" என்றார்.

தங்கமணி, முப்பது வருஷமாக அந்த இருக்கையில் உட்கார்ந்து வந்த அவர் மனைவி.

"நீங்க கேட்டீங்களா?"

நஞ்சப்பன் இறங்கிப் போய், வெட்டும் மெஷினை எடுத்து வந்தார்.

முதல் கதவில் லாக் கோணலாக உட்கார்ந்தது. பிலோமினா பார்த்துவிட்டு நகர்ந்தார். நஞ்சப்பன் கழற்றி மறுபடி மாட்டினார். மூன்றாம் நாள் கதவைத் தள்ளி மூடியபோது 'டக்'கென்று ஒரே சத்தம். தன் தோளால் முட்டிப் பார்த்தார். அசையவில்லை. யாருமில்லாத நேரம் பார்த்து, இன்னொரு முறை திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

அந்த ஆண்டுக் கண்காட்சி ஊட்டியில். மலைப்பாதை முழுக்க அவரே ஓட்டிப் போனார்.

நடுவர் ஒருவர் வந்தார். வலது கதவைத் திறந்தார், குனிந்தார், முகம் சுளித்தார்.

"இது அந்தக் காலத்து லாக் இல்லையே! எந்த மெக்கானிக் கெடுத்தான்?"

"நாந்தானுங்க. என் கையால போட்டது."

"பரிசு போயிரும் சார், தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அந்தப் பக்கமும் இதேதானா?" நடுவர் இடது கதவின் கைப்பிடியை நோக்கி நடந்தார்.

நஞ்சப்பன் நிமிர்ந்து நின்று, அவரை மறித்தார்.

"அதைத் திறக்காதீங்க. என் சம்சாரம் கதவுல சாஞ்சு தூங்கறா."