கரண்டி காணாமல் போன பேச்சுவார்த்தை

கடம்பத்தீவின் சட்டசபைக் கூரை ஒழுகியதால், அணு ஆயுதப் பேச்சுவார்த்தை கல்யாண மண்டபத்தில் நடந்தது. வல்லரசின் தூதர் வந்து இறங்கினார். பின்னால் உதவியாளர் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்தார்.

“நாங்கள் கேட்கும் கதவையெல்லாம் திறந்து காட்டுங்கள். எங்கள் பக்கம் மட்டும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் அரிசிக் கப்பல் வராது” என்றார் தூதர்.

“அதெப்படி ஐயா...” என்று கடம்பத்தீவின் பிரதமர் இழுத்தார்.

“திறக்க மறுப்பவன் எதையோ ஒளிக்கிறான்!” என்று தூதர் மேசையைத் தட்டினார். கையெழுத்து மாலையில் என்று முடிவாயிற்று.

சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்கக் கிளம்பிய தூதரை, மண்டபத்துப் பாத்திரங்களுக்குப் பொறுப்பான பூவாயி வாசலில் மறித்தாள்.

“சாம்பார் கரண்டி ஒண்ணு குறையுதுங்க. அது கிடைக்கிற வரைக்கும் எந்தப் பையும் திறந்து காட்டாம வெளியே போகாது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் இங்கே இதே சட்டம்தான். அந்தப் பெட்டியைத் திறங்க.”

“அதில் எங்கள் ஏவுகணை ரகசியம் இருக்கிறது. முடியாது!”

“திறக்க மறுக்கிறவன் ஒளிக்கிறான்னு நீங்க போட்ட சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே ஐயா!”

வாசலில் காத்திருந்த பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் பெட்டிப் பக்கம் திரும்பின. தூதர் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார்.

“ரெண்டு பக்கமும் திறந்து காட்டணும்னு ஒப்பந்தத்துல எழுதிக் குடுங்க. உங்களை நம்பி வழி விடறேன்” என்றாள் பூவாயி.

பிரதமர் பேனாவை நீட்டினார். தூதர் வாசலில் நின்றபடியே ஒப்பந்தத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

கார் போனதும் பிரதமர் கேட்டார்: “ஏம்மா, கரண்டி எங்கே?”

“சாம்பார் அண்டாவுக்குள்ளதான் முங்கிக் கிடக்கு. ஊர்க் கதவையெல்லாம் திறக்கச் சொன்னவர், அந்த மூடியைத் திறக்கச் சொல்லலையே!”