மஞ்சளாகாத மத்தியானம்

ஒரு கம்ப்யூட்டர் திரையில், சுகந்தி என்ற பெயருக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் புள்ளி குடியிருந்தது. கடுகளவுதான் இருக்கும். அதன் அதிகாரமோ வீடு முழுக்க நடந்தது.

சுகந்தி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரிகளில் டோக்கன் கொடுக்கும் மென்பொருளை எழுதுவது அவள் வேலை. அவள் மவுஸை அசைத்துக்கொண்டிருக்கும்வரை புள்ளி பச்சையாக இருக்கும். கொஞ்ச நேரம் அசைவில்லை என்றால் மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் மேனேஜர் வரதன் தன் வீட்டிலிருந்து, "இருக்கீங்களா சுகந்தி?" என்று கேட்டுவிடுவார்.

அதனால் அவள் எழுந்திருப்பதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய சோறு அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆறிப்போகும். வயிறு என்ன, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் கேட்டுக்கொள்ளுமா? அது எரிய ஆரம்பித்து மாசக்கணக்காகிறது.

அன்று வேறொரு எரிச்சலும் சேர்ந்துகொண்டது. அவள் எழுதிய மென்பொருள் எப்போதாவது ஒரே டோக்கன் நம்பரை இரண்டு பேருக்குக் கொடுத்தது. காய்ச்சலோடு வந்த இரண்டு பேர் டாக்டர் அறை வாசலில் சண்டை போட்டார்கள். சாயங்காலத்துக்குள் தப்பைக் கண்டுபிடிக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள், சுகந்திக்கும் வேலை இருக்காது என்று மேலிடத்தில் சொல்லியாயிற்று.

காலையிலிருந்து அவளும் தேடினாள். தப்பு அகப்படவில்லை.

"எழுந்து கொஞ்சம் நடம்மா," என்றது நாற்காலி. "நீ உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கே முதுகு வலிக்குது."

"அவ எழுந்தா நான் மஞ்சளாயிடுவேன்," என்றது புள்ளி.

"நீ மஞ்சளானா என்ன, நீலமானா என்ன? தப்பு கிடைச்சுதா?"

"கிடைக்கலைன்னாலும் பரவாயில்லை. அவ தேடிக்கிட்டே இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியணும்."



மத்தியானம் வயிற்று எரிச்சல் தாங்காமல் சுகந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசையின் ஓரத்தில் டேபிள் ஃபேன் இருந்தது. எதைக் கேட்டாலும் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டுவது அதன் சுபாவம். அவள் தையல் டப்பாவிலிருந்து நூலை எடுத்து, ஒரு முனையை ஃபேனின் கம்பியிலும் மறுமுனையை மவுஸின் இடுப்பிலும் கட்டினாள். ஃபேன் தலையைத் திருப்பியது. மவுஸ் கூடவே நகர்ந்தது. புள்ளி பச்சையாகவே நின்றது.

மவுஸுக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் இந்த வீட்டில் சம்பாதிப்பது தான்தான் என்றது. இழுப்பது யார் என்று ஃபேன் கேட்டது. எப்படியோ என் மானம் போகாமல் இருந்தால் சரி, இரண்டு பேரும் வாயை மூடுங்கள் என்றது புள்ளி.

"என் மேல யாருமே இல்லையே," என்றது நாற்காலி.

"அதை உன்னை யார் கேட்டா?" என்றது புள்ளி.

சுகந்தி ரசம் சாதத்தைச் சூடாகச் சாப்பிட்டாள். நாக்கு சுட்டது. அதுவும் சுகமாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும், காலையில் துவைத்த துணி வாளியிலேயே கிடப்பது ஞாபகம் வந்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அங்கே பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவும் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று பலமாக அடித்தது. கொடியில் ஒரே ஒரு கிளிப்தான் மிச்சம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதற்குக் கையை நீட்ட, விரல்கள் முட்டிக்கொண்டன.

"நான் பார்த்துட்டுத்தான்டி கை நீட்டினேன்," என்று சிரித்தாள் மும்தாஜ்.

"நானும் பார்த்துட்டுத்தான்க்கா..."

சுகந்தி பாதியில் நிறுத்தினாள். கையிலிருந்த ஈரத் தலையணை உறையிலிருந்து தண்ணீர் காலில் சொட்டியது. இரண்டு பேரும் பார்த்தபோது கிளிப் சும்மாதான் இருந்தது. பார்த்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில்தான் முட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் இரண்டு கவுண்டரும் இதைத்தானே செய்கின்றன? நம்பர் காலியாக இருக்கிறதென்று இரண்டும் பார்க்கின்றன, இரண்டும் கொடுத்துவிடுகின்றன. ஒன்று பார்த்து எடுத்து முடிக்கும்வரை மற்றதை நிறுத்திவைத்தால் போதும்.

"கிளிப் உங்களுக்குத்தான்க்கா," என்று சொல்லி, தலையணை உறையையும் மும்தாஜின் தோளிலேயே போட்டுவிட்டுச் சுகந்தி படியிறங்கி ஓடினாள்.

ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். நூலை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை. வெயில் தாழ்வதற்குள் தப்பு சரியாகிவிட்டது.

சாயங்காலம் எல்லோரையும் திரையில் கூட்டிவைத்து வரதன் பேசினார். மத்தியானம் முழுக்கச் சுகந்தியின் புள்ளி ஒரு தடவைகூட மஞ்சளாகவில்லை, அப்படிப் பொறுமையாக உட்கார்ந்ததால்தான் தப்பு அகப்பட்டது, எல்லோரும் அவளைப் போல உட்காரப் பழக வேண்டும் என்றார். புள்ளி பூரித்துப்போனது. நாற்காலி கிரீச்சென்றது.

புகழ்ச்சியில் சுகந்திக்கு வியர்த்தது. கை தன்னால் போய் ஃபேனைப் போட்டது.

ஃபேன் தலையைத் திருப்பியது. நூல் விறைத்துக்கொண்டு, கேமராவுக்கு நேரே, அவள் மூக்குக்குக் குறுக்கே கோடு போட்டது. மவுஸ் அவள் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு நடந்தது. அவசரமாக ஃபேனை நிறுத்தினாள்.

வரதன் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் போகச் சொன்னார்.

"சுகந்தி, நீங்க மட்டும் இருங்க."

நான் சும்மாதான் இருந்தேன், ஃபேன்தான் இழுத்தான் என்றது மவுஸ். சுகந்தி குனிந்து நூலை அவிழ்க்கப் பார்த்தாள்.

"அந்த நூல்..." என்றார் வரதன்.

"சார், சாப்பிடத்தான் சார் போனேன்."

வரதன் திரும்பித் தன் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு நீளம் விடணும்?"

"சார்?"

"சூடா சாப்பிட்டு நாளாச்சும்மா."

மறுநாள் மத்தியானம் வரதனின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பச்சைப் புள்ளி கொஞ்சமும் மங்காமல் நின்றது.

"உங்க ஆளு இருக்காரா?" என்று கேட்டது சுகந்தியின் புள்ளி.

"இருக்காரே. நான் பச்சையா இருக்கேன், தெரியலையா?" என்றது அது.

சுகந்தியின் வீட்டு நாற்காலி சிரித்த சிரிப்பில், அதன் ஒரு சக்கரம் லேசாக உருண்டது.